டைல் வெட்ட ஈரக் கைக்குட்டை போதுமா?

கேள்வி: ஐயா, திருச்சியில் எங்கள் சொந்த வீட்டின் சமையலறைச் சுவருக்கும் குளியலறைத் தரைக்கும் நானே டைல் பதிக்கலாம் என்று இருக்கிறேன். சமையல் மேடைக்கு மேலே 10 அடி நீளம், 2 அடி உயரச் சுவர்; அதற்கு 12-க்கு 18 அங்குல டைல் வாங்கிவிட்டேன். குளியலறை நாலரை அடிக்கு 6 அடி. அதற்கு ஓரடிச் சதுர டைல். இரண்டுமே செராமிக். சமையலறையில் குழாய்க்கு 2 ஓட்டையும் சுவிட்ச் பெட்டிக்கு 2 திறப்பும் போட வேண்டும். குளியலறையில் கழிவுநீர்ச் சல்லடைக்கு ஒரு திறப்பு வேண்டும். பக்கத்து வீட்டில் வேலை செய்த இருவர் நனைத்த கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, டைலைக் காலால் மிதித்தபடி வெட்டினார்கள். தெருவே வெள்ளையாகிவிட்டது. என் அம்மாவுக்கு ஆஸ்துமா. மகளுக்கு 3 வயது. மாடி வராந்தாவில் வைத்து வெட்டினால் பரவாயில்லையா? ஈரக் கைக்குட்டை போதுமா? என்னிடம் ஆங்கிள் கிரைண்டரும் மரம் அறுக்கும் பல் பிளேடும் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். மரத்துக்குக்கூட அது அந்த மெஷினுக்கு உரியதல்ல. டைலில் வைத்தால் பல் சிக்கி மெஷின் உங்கள் மேலேயே பாயும், பல் தெறிக்கும். 27 ஆண்டுகளாக டைல் பதிக்கிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், இன்றைக்கே அதைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஈரக் கைக்குட்டையும் போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களே இதை நம்புவதில்லை. களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களைச் சேர்த்து அரைத்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பதுதான் டைல். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் டைலில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் சுட்டது. குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். சூளையில் வெந்த பிறகும் அதில் ஒரு பங்கு குவார்ட்ஸாகவே தங்கிவிடுகிறது. பிளேடு அதைப் பொடியாக்கும்போது தெருவை வெள்ளையாக்கும் தூசி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் பெரும்பங்கு மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். நான் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத தூசியை. தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். நுரையீரலின் அடிக்காற்றறை வரை போகும் சிலிக்காத் துகள் 4 மைக்ரானும் அதற்குக் கீழும். கைக்குட்டையின் நெசவு இடைவெளி அதற்கு ஊர் வாசல் மாதிரி. ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். காற்று துணியின் ஓரங்கள் வழியே உள்ளே போகும். வெட்டி முடித்து நீங்கள் டீ குடிக்கப் போன பிறகும் அந்தத் துகள்கள் அசைவற்ற காற்றில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஆசான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் விடாமல் உலர்வெட்டு வெட்டியவர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியதும் இருமல் வந்தது. ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சொன்ன காலம் முழுதும் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் அதே மாத்திரை. பிறகு வேறொரு மருத்துவர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் சிலிக்கோசிஸ் என்று பெயர் தெரிந்தது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். எக்ஸ்ரே படத்தில் காசநோய் போலவே தெரியும், காசநோய் வருவதற்கும் அதுவே வழிவிடும். தழும்பை மறுபடி பழைய சதையாக்கும் மருந்து கிடையாது. ஆறாவது மாடி வரை டைல் பெட்டியைத் தோளில் தூக்கியவர், கடைசி ஆண்டுகளில் தன் வீட்டு வாசற்படியில் ஏறவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். படிக சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலையில் உங்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்துவிடாது. அது பல ஆண்டுத் தூசியின் விளைவு. ஆனால் ஆஸ்துமா உள்ள அம்மாவுக்கு ஒரு மணி நேரத் தூசியே இரவு முழுக்கத் திணறலைத் தரும். குழந்தை தரையில் தவழ்ந்து விளையாடுகிறாள். திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்த தூசி வாரக்கணக்கில் கிளம்பிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், உங்கள் வேலைக்கு இவ்வளவு தூசி எழவேண்டிய தேவையே இல்லை.

எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அடிக்கணக்கில் பேசுவார். பெட்டியில் 300-க்கு 450 என்றும் 300-க்கு 300 என்றும் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். ஓரடி டைல் உண்மையில் ஓரடி இருக்காது. 300 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறைவு. ஆகவே எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

சமையலறைச் சுவர் 10 அடி, அதாவது 3048. டைலைப் படுக்கைவசமாக, 450 பக்கம் நீளவாக்கில் வருமாறு வைத்து, இடையிடையே 2 மில்லிமீட்டர் விட்டால் 6 முழு டைல் போக 336 மிச்சம். உயரம் 2 அடி, 610. இரண்டு வரிசை வைத்தால் 602. மேடை ஓரத்தில் 3 மில்லிமீட்டர் சிலிக்கான் இடைவெளி, மேலே கொஞ்சம் திறப்பு. உயரத்தில் வெட்டே வேண்டாம். ஆக வரிசைக்கு ஒன்று, மொத்தம் இரண்டே நேர்வெட்டு.

குளியலறையில்தான் கவனம் வேண்டும். 6 அடி என்றால் 1829. 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 6 டைல் வைத்தால் 1810 வரும்; 19 மில்லிமீட்டர் தொங்கும். அந்தச் சுண்டுவிரல் அகலப் பட்டையை வெட்ட முயல்கிறவர்கள்தான் டைலை உடைப்பதும் கையைக் கிழித்துக்கொள்வதும். இடைவெளியை 4 மில்லிமீட்டராக்கிப் பாருங்கள்: 6 டைலும் 5 இடைவெளியும் சேர்ந்து 1820. மீதி 9, இரு சுவர் ஓரத்திலும் நாலரை மில்லிமீட்டர், சந்துப் பொடி (கிரவுட்) நிரப்பினால் தீர்ந்தது. அகலம் நாலரை அடி, 1372. 4 முழு டைல், ஒரு பாதி, 4 இடைவெளி: 1366. சுவர் ஓரம் 3, 3. பாதி டைல் சரியாக 150 என்பதால் ஒரு டைலை நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் பயன்படும். 6 வரிசைக்கு 3 வெட்டு போதும். வெட்டிய விளிம்பு சுவர்ப்பக்கம் போகட்டும். முதலில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அறை சதுரமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோணலாக இருந்தால் கடைசி வரிசைத் துண்டை ஒவ்வொன்றாக அளந்து வெட்ட வேண்டியிருக்கும். அப்போது 6 வெட்டு ஆகும், பெரிய பாதகமில்லை.

ஆக 5 நேர்வெட்டு, 2 வட்ட ஓட்டை, 3 சதுரத் திறப்பு. இவ்வளவுதான் உங்கள் வேலை. அந்த 5 நேர்வெட்டுக்கும் மின்சாரமே தேவையில்லை.

நேர்வெட்டுக்குக் கை கட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தண்டவாளம், அதில் ஓடும் கைப்பிடி, கைப்பிடியின் அடியில் சிறிய கார்பைடு சக்கரம். கட்டுமானக் கருவிகளை வாடகைக்கு விடும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கினாலும் உங்கள் டைல் அளவுக்குச் சிறியதே போதும். டைலை மேல்முகம் மேலே இருக்கும்படி வைத்து, மூலைமட்டத்தோடு ஒட்டி, சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். அழுத்தம் மாறக்கூடாது. கண்ணாடி கீறும்போது கேட்கும் அந்தச் சரசரப்பு முழு நீளத்துக்கும் தொடர்ந்து கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சக்கரம் வழுக்கியிருக்கிறது. இங்கே பலரும் செய்யும் தவறு, கோடு சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கீறுவது. கீறலின் வேலை மேற்பூச்சில் ஒரு பிளவைத் தொடங்கிவைப்பது மட்டும். மறுபடி கீறினால் பல பிளவுகள் தொடங்கி, டைல் தன் விருப்பப்படி உடையும். ஒரு கீறல், பிறகு கைப்பிடியின் அழுத்துகாலைக் கோட்டின் மேல் வைத்து மெதுவாக ஓர் அமுக்கு. டக்கென்று இரண்டாகும். தூசி பெயருக்குத்தான் இருக்கும். முதலில் உடைந்த டைலில் நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

கை கட்டருக்கும் கண்ணாடி அணியுங்கள். உடையும் நொடியில் மேற்பூச்சுச் சில்லு தெறிக்கும். உடைந்த விளிம்பு உடைந்த கண்ணாடிக்குச் சமம்; விரலை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், கூடாது. கார்பரண்டம் கல்லை நனைத்து, மேற்பூச்சுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி நாலு முறை தேய்த்தால் கூர் மழுங்கிவிடும்.

இனி அந்த மூன்று சதுரத் திறப்புகள். இவற்றுக்குத்தான் மெஷின் வேண்டும். என் மனத்தில் இருப்பதைச் சொல்லட்டுமா? அந்த மூன்று டைல்களிலும் கோடு போட்டு, கிரானைட் அறுக்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே தண்ணீர் கொட்டிக்கொண்டே அறுக்கும் மெஷின் இருக்கும். நான் உங்கள் இடத்தில், உங்கள் அம்மாவோடும் குழந்தையோடும் இருந்தால் அதைத்தான் செய்வேன். மூன்று டைலுக்காகப் புதிதாக மெஷின் வாங்கிப் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருந்தாலும் நானேதான் வெட்டுவேன் என்கிறீர்கள் என்றால், சொல்வதை முழுதும் கேளுங்கள். டைலை எந்தப் பிளேடும் அறுப்பதில்லை, தேய்த்துப் பொடியாக்குகிறது. அதற்கு விளிம்பில் வைரத்துகள் பதித்த பிளேடு வேண்டும். இடையிடையே வெட்டு விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு உரியது. டைலின் ஓரத்தைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும். விளிம்பு இடைவெளி இல்லாமல் முழு வட்டமாக இருக்கும் பிளேடைக் கேட்டு வாங்குங்கள். பிளேடின் மேல் அது தாங்கக்கூடிய வேகம் அச்சிட்டிருக்கும். அது மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். பிளேடு மாட்டும்போது பிளக் சுவரில் இருக்கக்கூடாது, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கிரைண்டரைவிட மார்பிள் கட்டர் நல்லது, ஏனென்றால் அதற்கு அடித்தட்டு உண்டு. டைல் மேல் உட்கார்ந்து நேராகப் போகும். 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் விலக நேரமில்லை. அதைத் தடுக்கத்தான் மேல்மூடி. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பார்வைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்த ஒரு பையன் அப்படிச் செய்தான்; பிளேடு உடைந்து தொடையில் இறங்கியது. பிழைத்தான், ஆனால் மண்டியிட்டு வேலை செய்ய இன்றும் முடியவில்லை. டைல் பதிக்கிறவனுக்கு முழங்கால்தான் பிழைப்பு.

பக்கத்து வீட்டில் காலால் மிதித்து வெட்டியதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் வெட்டுகிறார்கள், நானும் இளவயதில் வெட்டியிருக்கிறேன். பிளேடு வழுக்கினால் அடுத்து இருப்பது உங்கள் பாதம். கனமான பலகையை இரண்டு சிமென்ட் கல்லின் மேல் வைத்து, டைலை அதில் கிளாம்பு போட்டு இறுக்குங்கள். கோட்டின் இரு பக்கமும் பலகை தாங்க வேண்டும். ஒரு பக்கம் தொங்கினால் முடிவில் டைல் மடங்கிப் பிளேடைக் கவ்வும். மெஷின் பின்னால் உதைப்பது அப்போதுதான். முதல் ஓட்டத்தில் 2 மில்லிமீட்டர் ஆழம் மட்டும், மேற்பூச்சு பிளந்தால் போதும். அடுத்த ஓட்டத்தில் முழுதும். பிளேடு போகும் கோட்டுக்கு நேர்ப்பின்னால் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். வளைத்து வெட்டக்கூடாது. பொத்தானை விட்ட பிறகும் பிளேடு பல நொடிகள் ஓடும். நிற்கும் வரை கையில் பிடித்திருங்கள், மடியிலோ தரையிலோ வைக்காதீர்கள்.

வேட்டி, லுங்கி, தோள் துண்டு, மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். தளர்ந்த பருத்திக் கையுறையும் வேண்டாம். அதன் நூலைச் சுழலும் பிளேடு இழுத்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கையுறை, வெட்டிய துண்டுகளை எடுத்து வைக்கும் வேலைக்கு.

சதுரத் திறப்பின் நான்கு மூலைகளிலும் முதலில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட்டு, பிறகு ஓட்டைக்கு ஓட்டை வெட்டுங்கள். கூரான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும். வட்டமான மூலையில் அது தொடங்க இடமில்லை. கழிவுநீர்ச் சல்லடை டைல் ஓரத்தோடு வந்து ஒட்டும்படி அமைக்க முடிந்தால் மூன்று பக்கம் வெட்டினால் போதும். பதிக்கும் முன் டைல்களை உலர்வாகத் தரையில் பரப்பிப் பாருங்கள், இப்படிப்பட்ட வாய்ப்புகள் கண்ணில் படும்.

தூசிக்கு மருந்து தண்ணீர். பிளேடு டைலைத் தொடும் இடத்தில் நீர் விழுந்தால் துகள் பிறக்கும்போதே சேறாகிவிடும், பறக்காது. பிளேடும் சூடேறாது, ஓரமும் சில்லு பெயராது. ஆனால் கையில் இருப்பது 230 வோல்ட் மெஷின். இங்கேதான் உயிர் போகும் தவறுகள் நடக்கின்றன. உங்கள் வீட்டு மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் ஆர்சிசிபி என்பார்கள், பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள். எம்சிபி வேறு, அது கம்பியைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வீட்டு மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் அன்று நீர்வெட்டு, அதாவது தண்ணீர் விட்டு வெட்டுவது, கிடையாது, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மெஷினுக்கு இரட்டைக் காப்பு இருக்கிறது, இரண்டு முள் பிளக் போதும் என்று கடைக்காரர் சொல்வார். உலர்ந்த இடத்தில் அது உண்மை. மோட்டாருக்குள் நீர் போனால் அந்தக் காப்பு நிற்காது.

நீர்க்குழாய் பொருத்த வசதியுள்ள மார்பிள் கட்டர்கள் இருக்கின்றன. கையேட்டில் நீர்வெட்டுக்கு உரியது என்று சொல்லியிருந்தால் மட்டும் தண்ணீர் விட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் அந்த மெஷினோடு தண்ணீரைச் சேர்க்காமல், நான் முன்பு சொன்ன பட்டறைக்கே போங்கள். நீர்வெட்டுக்கு உரிய மெஷினில் குழாய் மட்டும் இல்லாவிட்டால், மூடியில் துளையிட்ட பாட்டிலோடு ஒரு நண்பர் பிளேடுக்கு முன்னால் டைலின் மேல் மெல்லிய தாரையாக விடட்டும். மோட்டார் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. நண்பருக்கும் கண்ணாடியும் மாஸ்க்கும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்காமல் நாற்காலி மேல் இருக்கட்டும். ஒயர் பெட்டிக்கு வரும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வெறுங்காலோடு ஈரத்தில் நிற்காதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய செருப்பு அணியுங்கள்.

குழாய் ஓட்டைகளுக்கு இந்த மெஷின் வேண்டாம், பாட்டரி டிரில் போதும். சுவர் மின்சாரம் இல்லாததால் தண்ணீரோடு வேலை செய்ய இதைவிட நிம்மதியான கருவி இல்லை. வைரத்துகள் பதித்த வட்ட பிட் வாங்குங்கள். குழாயோடு வரும் வட்ட மூடியை அளந்து, அது நன்றாக மறைக்கும் அளவில் பிட் இருக்கட்டும். ஒன்றேகால் அங்குலம் பெரும்பாலும் போதும். சுத்தியல் போல் இடிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டைல் முதல் நொடியிலேயே பிளக்கும். நேராக வைத்தால் பிட் வழுக்கி ஓடும். சாய்த்து வைத்து, பிறைபோல ஒரு தடம் விழுந்த பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். வேகம் குறைவாக, அழுத்தம் குறைவாக. சப்பாத்தி மாவைக் கயிறாக உருட்டி ஓட்டையைச் சுற்றி வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டால் ஒரு ஆள் மிச்சம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு வீட்டு அம்மாள்தான்; அன்றிலிருந்து நான் வேறு எதையும் பயன்படுத்தியதில்லை. டைலைச் சுவரில் பதிக்கும் முன்பே, கீழே மரத்துண்டு வைத்து ஓட்டையைப் போட வேண்டும்.

வராந்தா வேண்டாம். மூன்று பக்கம் அடைத்த இடத்தில் எழும் தூசி முதலில் போவது வீட்டுக்குள். மொட்டைமாடிக்குப் போங்கள், காற்று உங்கள் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி நில்லுங்கள். மாடி வாசல் கதவையும் கீழே ஜன்னல்களையும் சாத்துங்கள். பக்கத்து மாடியில் வடாமோ துணியோ காய்ந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவும் குழந்தையும் அன்று பகல் உறவினர் வீட்டில் இருந்தால் நல்லது.

நீர்வெட்டு என்றாலும் மாஸ்க் வேண்டும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று அச்சிட்டதை வாங்குங்கள். மருத்துவமனைகளில் அணியும் நீல மாஸ்க் இந்த வேலைக்கு உதவாது. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை நல்லது. மூக்குக் கம்பியை அழுத்தி, இரு கையாலும் மாஸ்க்கை மூடி, ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் தூசியும் அதே வழியில் வரும். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது, அன்று ஒரு நாள் மழித்துக்கொள்ளுங்கள். காதுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் வாங்குங்கள். கட்டரின் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகும், அந்த அளவில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை.

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். பாடுபட்டு நனைத்து அடக்கிய தூசியை உலர்ந்த துடைப்பம் மறுபடி கிளப்பிவிடும். சேறு காய்வதற்குள் ஈரச் சாக்கால் துடைத்து வாளியில் பிழியுங்கள். ஓர் இரவு வைத்தால் மாவு அடியில் படியும். மேல்நீரைச் செடியில்லாத மண்ணில் ஊற்றிவிட்டு, படிந்ததைப் பையில் கட்டிக் கட்டட இடிபாடுகளோடு போடுங்கள். மொட்டைமாடிக் குழாயில் கழுவி விடாதீர்கள். 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தக் குழாய் உங்கள் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகும். சேறு அங்கே படிந்து இறுகி அடைத்துவிடும். உடுத்திய துணியை உதறாமல் தனி வாளியில் ஊறவையுங்கள். தலைக்குக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் கசக்கக்கூடாது. கைக்குட்டை முனையை முறுக்கி எடுத்துவிடுகிறேன் என்று யாராவது கைநீட்டுவார்கள்; விடாதீர்கள். சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள், உறுத்தல் போகாவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கை கிழிந்தால் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திக்கொள்ளுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் 108. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கவில்லை நீங்கள், இருந்தாலும் சொல்கிறேன். சமையல் மேடைக்குப் பின்னாளில் செயற்கைக் குவார்ட்ஸ் கல் போட நினைத்தால், அதை வீட்டில் வைத்து வெட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். அதில் சிலிக்கா பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இருக்கலாம். அதை வெட்டிய இளவயதுத் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே நோயாளிகள் ஆனதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

பக்கத்து வீட்டில் வெட்டிய அந்த இருவரும் இன்னும் வேலையில் இருந்தால், மாஸ்க் வாங்கும்போது நாலைந்து கூடுதலாக வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும், துளையிட்ட பாட்டிலும். அந்த வீட்டுக்காரரிடம் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீண்ட நாள் இருமல் இருந்தால் மருத்துவரிடம் போகும்போது டைல் வெட்டுகிறவன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். என் ஆசானிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மருத்துவர் கிடைப்பதற்குள் இரண்டு ஆண்டு போய்விட்டது.